கடைமடை வீட்டின் விளக்கு



கிழக்கே ராணிப்பேட்டை, மேல்விஷாரம், நடுவில் வேலூர், மேற்கே பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி. பாலாற்றுப் பள்ளத்தாக்கில் வரிசையாக அமைந்த தோல் நகரங்கள் இவை. 2019இல் பழைய வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்தது. மாவட்டம் பிரிந்தாலும் இந்த ஊர்களின் தொழில் ஒன்று, ஆறு ஒன்று, மாலை நேரத்தில் தெருக்களில் எழும் குறையும் ஒன்று. "கரண்ட் இருக்குது, வோல்டேஜ் இல்ல" என்பதுதான் அந்தக் குறை. விளக்கு மங்குகிறது, தெளிகிறது, மறுபடி மங்குகிறது. மின்விசிறி இளைத்துச் சுற்றுகிறது. ஃபிரிட்ஜ் உறுமுகிறது, ஆனால் ஓடவில்லை. ஸ்டெபிலைசர் 'டக் டக்' என்று அடித்துக்கொண்டே இருக்கிறது. மின்வெட்டு வந்தால் ஊரே திரண்டு கேட்கிறது. விளக்கு நடுங்கினால் அவரவர் வீட்டுக்குள் அவரவர் முணுமுணுத்துக்கொள்கிறோம். ஏன் இந்த வேறுபாடு? மின்வெட்டு எல்லோருக்கும் பொது என்று தெரிகிறது. நடுக்கம் மட்டும் நம் வீட்டுக்கு வந்த தனிக் கேடு என்று தோன்றுகிறது.

அந்த எண்ணம் தவறு என்று சொல்லவே இன்று உங்கள் முன் நிற்கிறேன். பல வீடுகளும் சில பட்டறைகளும் பங்கிட்டுக்கொள்ளும் ஒரே டிரான்ஸ்பார்மரில் வோல்டேஜ் ஏன் ஆடுகிறது, அதை நிலைநிறுத்துவது யார் பொறுப்பு என்பதே என் பொருள். நான் நிறுவ விரும்பும் கருத்து ஒன்றே ஒன்றுதான்: விளக்கின் நடுக்கம் ஒரு டிரான்ஸ்பார்மரின் கீழ் வாழும் அத்தனை பேருடைய பொதுச் சிக்கல். வீடு வீடாகத் தீர்வு தேடினால் அது வளரும். டிரான்ஸ்பார்மர் வாரியாகச் சேர்ந்து தேடினால் தீரும். இதற்கு ஆதாரம் என்ன, எதிர்வாதங்கள் என்ன, அவற்றுக்கு விடை என்ன என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், மின்சாரம் நம் வீட்டுக்கு எப்படி வருகிறது? துணைமின் நிலையத்திலிருந்து 11,000 அல்லது 22,000 வோல்ட்டில் கம்பி வழியே ஓடிவரும் மின்சாரம், நம் தெருமுனையில் இரண்டு கம்பங்களுக்கு இடையே அமர்ந்திருக்கும் டிரான்ஸ்பார்மரில் 433 வோல்ட்டாக இறங்குகிறது. அங்கிருந்து மூன்று பேஸ் கம்பிகளும் ஒரு நியூட்ரல் கம்பியும் தெருவுக்குள் செல்கின்றன. ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே சுமார் 230 வோல்ட். அதுவே வீட்டு மின்சாரம். டிரான்ஸ்பார்மரின் திறன் 25, 63, 100, 250, 500 கே.வி.ஏ. என்று பல அளவுகளில் இருக்கும். வீட்டில் எவ்வளவு வோல்டேஜ் இருக்க வேண்டும் என்பதற்கும் வரம்பு உண்டு. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் தாழ்வழுத்த இணைப்பில் 6 விழுக்காடு கூடவோ குறையவோ இடம் தந்தன. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2004இல் வகுத்த செயல்தர விதிமுறைகளிலும் அதே 6 விழுக்காடுதான். அதாவது 216க்குக் கீழே இறங்கக் கூடாது, 244க்கு மேலே ஏறக் கூடாது. இந்த இரண்டு எண்களையும் ஒவ்வொரு குடும்பமும் மனத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். நம் உரிமையின் எல்லைக்கல் அவை.

சரி, எல்லைக்கல் இருக்கும்போது வோல்டேஜ் ஏன் நழுவுகிறது? எந்தக் கம்பியும் தன் வழியே ஓடும் மின்னோட்டத்துக்குக் கொஞ்சம் தடை கொடுக்கும். ஓட்டம் கூடக் கூட, கம்பி நீள நீள, வழியிலேயே இழக்கும் வோல்ட் கூடும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் ஒன்று. அதிலிருந்து 400 மீட்டர் தள்ளி, தெருவின் நடுவே ஒரு சிறு பட்டறை. அங்கே ஒரு 10 குதிரைத் திறன் மோட்டார். ஓடும்போது அது இழுப்பது 14 ஆம்பியர் அளவு. ஆனால் நின்ற நிலையிலிருந்து நேரடியாகக் கிளப்பும்போது ஏறத்தாழ ஆறு மடங்கு, அதாவது 84 ஆம்பியர் இழுக்கும். ஈ.பி.காரர்கள் 'ராபிட்' என்று சொல்லும் அலுமினியக் கம்பி அந்தத் தெருவில் இருந்தால், அந்தச் சில விநாடிகளில் கம்பியில் மட்டும் 17 வோல்ட் அளவுக்கு விழும். டிரான்ஸ்பார்மருக்குள் இன்னும் 7 வோல்ட் விழும். மொத்தம் 24. நல்ல நேரத்தில் 230 இருந்த இடத்தில் 206. மாலைச் சுமையில் ஏற்கெனவே 215க்கு இறங்கியிருந்தால் 191. மோட்டார் வேகம் பிடித்ததும் வோல்டேஜ் திரும்பிவிடும். அடுத்த முறை கிளப்பும்போது மறுபடி விழும். இதுதான் நாம் காணும் நடுக்கம்.

இந்தக் கணக்கில் இன்னொரு செய்தியும் அடங்கியிருக்கிறது. டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்து வீட்டில் விழுவது அந்த 7 வோல்ட் மட்டுமே. பட்டறைக்கு அப்பால் தெருக்கோடியில் இருக்கும் வீட்டிலோ முழு 24 வோல்ட்டும் விழுகிறது. ஏரிப் பாசனம் அறிந்த மக்கள் நாம். தலைமடைக்காரன் வயல் நிறைந்த பிறகுதான் கடைமடைக்குத் தண்ணீர். ஏரி வற்றினால் முதலில் காய்வது கடைமடை. மின்சாரத்திலும் கடைமடை உண்டு. ஜவ்வாது மலையடிவாரத்துச் சிற்றூரிலும், ஊர் வளர வளரப் புதிதாக முளைத்த நகர்களிலும், கம்பி முடியும் இடத்தில் இருக்கும் வீடே மின்சாரத்தின் கடைமடை. அங்கே வாழ்பவர் பெரும்பாலும் வசதி குறைந்தவர். ஏரியில் மடை திறக்க நம் முன்னோர் முறை வைத்தார்கள். வரத்துக் கால்வாயைத் தூர்வாரக் குடிமராமத்து வைத்தார்கள். கடைமடைக்காரன் தனியாகப் போய்த் தீர்க்க முடியாத சிக்கல் அது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

விளக்கு கொஞ்சம் மங்கினால் என்ன குடி முழுகிவிடும் என்று யாராவது கேட்கலாம். கண் எவ்வளவு நுட்பமானது என்பதை முதலில் பார்ப்போம். நடுக்கத்தை அளப்பதற்குச் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் வகுத்த முறை, 60 வாட் குண்டு பல்பை அடிப்படையாகக் கொண்டது. விநாடிக்கு ஒன்பது தடவை அளவில் வோல்டேஜ் ஏறி இறங்கினால், கால் விழுக்காட்டு மாற்றத்தையே மனிதக் கண் உணர்ந்துவிடும் என்பது அந்த முறையின் அடிப்படை. 230 வோல்ட்டில் அது அரை வோல்ட்டுக்குச் சற்றே மேல். குண்டு பல்பில் வோல்டேஜ் 10 விழுக்காடு விழுந்தால் வெளிச்சம் 30 விழுக்காடு விழும். நல்ல டிரைவர் உள்ள எல்.இ.டி. விளக்கு இந்த ஆட்டத்தைத் தானே தாங்கிக்கொள்ளும். விலை மலிவாகக் கிடைக்கும் பல எல்.இ.டி. விளக்குகளில் அந்தச் சுற்று இல்லாததால் அவை வோல்டேஜோடு சேர்ந்து ஆடும். இப்போது நம் ஊரை நினைத்துப் பாருங்கள். ஆம்பூரையும் பேரணாம்பட்டையும் சுற்றியுள்ள கிராமங்களில் காலணியின் மேற்பகுதியை வீட்டில் உட்கார்ந்து கையால் தைத்துக் கொடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். கறுப்புத் தோல், கறுப்பு நூல், மாலை நேரம். ஒவ்வொரு துளையிலும் ஊசி சரியாக இறங்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு விளக்கின் நடுக்கம் கண்ணின் உழைப்பு, தவறிய தையல், குறைந்த கூலி. பக்கத்தில் படிக்கும் பிள்ளைக்கும் அதே விளக்குதான்.

வெளிச்சத்தை விடவும் மோட்டாருக்கு இது கொடியது. மோட்டாரின் சுழற்று விசை வோல்டேஜின் இருமடியைப் பொறுத்தது. 230இல் இருக்கும் விசை 180இல் 61 விழுக்காடாகக் குறைந்துவிடும். ஃபிரிட்ஜின் கம்பிரசர் கிளம்ப முயன்று, விசை போதாமல் நின்று, நின்ற நிலையில் அதிக ஆம்பியரை இழுத்துச் சூடாகிறது. அந்த உறுமல் சத்தம் காயில் வெந்துகொண்டிருப்பதன் அறிகுறி. தண்ணீர் மோட்டாருக்கும் மிக்சிக்கும் கிரைண்டருக்கும் இதே கதிதான். தவணையில் வாங்கிய பொருள் தவணை முடியும் முன்பே எரிந்து போகிறது. அந்தச் செலவு எந்த மின்கட்டண ரசீதிலும் வருவதில்லை. ஆனாலும் அந்த வீடு அதைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

அப்படியானால் குற்றவாளி யார்? தோல் தொழிற்சாலையா? இங்கே நியாயமாகப் பேச வேண்டும். பெரிய தொழிற்சாலைகள் உயரழுத்த இணைப்பு பெற்றுத் தமக்கென்று தனி டிரான்ஸ்பார்மர் வைத்திருக்கின்றன. நம் தெருவின் தாழ்வழுத்தக் கம்பியில் அவை இல்லை. நம்மோடு கம்பியைப் பங்கிட்டுக்கொள்பவை சின்ன அலகுகள்: ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் பதனிடும் கூடங்கள், தையல் மெஷின்கள் நிறைந்த சிறு பட்டறைகள், வெல்டிங் கடை, மாவு மில், தண்ணீர் சுத்திகரிக்கும் நிலையம், போர்வெல் மோட்டார். நூறு கிலோவாட்டைத் தாண்டிய சுமையும் தாழ்வழுத்த இணைப்பிலேயே இயங்க விதி இடம் தருகிறது. இவற்றில் இரண்டு வகைகள் நடுக்கத்துக்குப் பேர்போனவை. ஒன்று, ஈரத் தோலும் தண்ணீரும் நிறைந்த டிரம்மைச் சுற்றும் மோட்டார். கனமான சுமையை நின்ற நிலையிலிருந்து உருட்ட வேண்டியிருப்பதால் அது வேகம் பிடிக்க நேரமாகும், நடுக்கமும் நீளும். மற்றொன்று வெல்டிங், குச்சி இரும்பைத் தொடும்போது ஓர் இழுப்பு, விலகும்போது ஒரு விடுப்பு என்று விளக்கோடு விளையாடிக்கொண்டே இருக்கும். ஆனால் வீடுகளுக்கும் இதில் பங்கில்லையா? வேலூர் வெயிலில் ஏ.சி. இன்று ஆடம்பரப் பொருளாக இல்லை. அக்னி நட்சத்திர இரவில் ஒரு தெருவில் இருபது ஏ.சி. ஒரே நேரத்தில் ஓடினால், எந்தப் பட்டறையும் இல்லாமலேயே அந்த டிரான்ஸ்பார்மர் திணறும். ஆகவே ஒருவரை நோக்கி விரல் நீட்டுவதால் பயனில்லை. நோயை இனம் பிரித்து அறிவதே முதல் வேலை.

நோய் மூன்று வகை. முதல் வகை, சட்டென்று விழுந்து சட்டென்று எழும் நடுக்கம். பக்கத்தில் ஏதோ மோட்டார் கிளம்புகிறது அல்லது வெல்டிங் நடக்கிறது என்று பொருள். உங்கள் மோட்டாரைப் போடும்போது உங்கள் வீட்டில் மட்டும் மங்கினால் கோளாறு உங்கள் ஒயரிங்கில். அடுத்த வீட்டிலும் அதே நொடியில் மங்கினால் பொதுக் கம்பியில். இரண்டாம் வகை, மாலை ஏழு மணிக்கு இறங்கி நள்ளிரவில் ஏறும் மெதுவான சரிவு. சுமை கூடுதல், கம்பி நீளம், அல்லது மூன்று பேஸுகளிலும் சுமை ஒழுங்காகப் பிரியவில்லை என்று பொருள். மூன்றாம் வகைதான் ஆபத்தானது. ஒரு வீட்டில் விளக்கு மங்கும் அதே வேளையில் இன்னொரு வீட்டில் விளக்கு அளவுக்கு மீறிப் பளிச்சென்று எரிந்தால், நியூட்ரல் தளர்ந்திருக்கிறது அல்லது அறுந்திருக்கிறது. நியூட்ரல் போனால் இரண்டு பேஸுகளுக்கு இடையிலுள்ள 400 வோல்ட்டை இரண்டு வீடுகள் பங்கிட்டுக்கொள்ளும். சுமை குறைவாக உள்ள வீட்டில் 300ஐத் தாண்டும். டி.வி.யும் விளக்குகளும் கூட்டமாக எரிவது இப்படித்தான். அந்த நேரத்தில் ஆராய்ச்சி வேண்டாம். மெயினை அணையுங்கள், மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணை அழையுங்கள். கம்பத்தில் கை வைப்பது மின்வாரியப் பணியாளரின் வேலை. நாம் யாரும் ஏறக் கூடாது, யாரையும் ஏற்றிவிடவும் கூடாது.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். முதல் வாதம்: "ஒரு ஸ்டெபிலைசர் வாங்கி வைத்தால் முடிந்தது, இதற்கு ஏன் ஊரைக் கூட்ட வேண்டும்?" ஸ்டெபிலைசர் இல்லாத வோல்ட்டை எங்கிருந்து கொண்டுவருகிறது? அதே கம்பியிலிருந்து அதிக ஆம்பியரை இழுத்துத்தான். 180 வோல்ட்டை 230 ஆக உயர்த்த வேண்டுமானால் அது கம்பியிலிருந்து 28 விழுக்காடு கூடுதல் மின்னோட்டத்தை இழுக்க வேண்டும். அந்தக் கூடுதல் ஓட்டம் கம்பியில் இன்னும் சில வோல்ட்டைத் தின்னும். என் வீடு 230 ஆகும். அடுத்த வீடு 180லிருந்து 176 ஆகும். அவரும் ஸ்டெபிலைசர் வாங்குவார். அதற்கடுத்த வீடு 172. இப்படியே போனால் கடைசி வீட்டில் ஸ்டெபிலைசரும் வேலை செய்யாத நிலை வரும். தெரு முழுதும் பணம் செலவழித்தும் தெரு முழுதும் இருள். மூன்று பேஸ் இணைப்புள்ள வீடுகளில் பேஸ் மாற்றும் சுவிட்சும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஒரு பேஸ் மங்கினால் எல்லோரும் நல்ல பேஸுக்குத் தாவுகிறோம். பத்து நிமிடத்தில் அந்த நல்ல பேஸும் மங்குகிறது. தவிர, ஸ்டெபிலைசருக்குள் இருக்கும் ரிலே படிப்படியாக மாறுவது. மோட்டார் கிளம்பும் நொடிநேர நடுக்கத்தை அதனால் பிடிக்க முடியாது. ஃபிரிட்ஜைக் காக்க ஸ்டெபிலைசர் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அது காப்பு மட்டுமே, தீர்வாகாது.

இரண்டாவது வாதம்: "பெரிய டிரான்ஸ்பார்மர் போட்டால் போதும்." மனு எழுதுகிறவர்கள் எல்லோரும் கேட்பது இதைத்தான். சற்று முன் போட்ட கணக்கை நினைவுகூருங்கள். விழுந்த 24 வோல்ட்டில் டிரான்ஸ்பார்மரின் பங்கு 7. கம்பியின் பங்கு 17. டிரான்ஸ்பார்மரை மாற்றினால் அந்த 7 பாதியாகும். 17 அப்படியே நிற்கும். எனவே கேட்பதற்கு முன் அளக்க வேண்டும். சில நூறு ரூபாயில் பிளக்கில் செருகும் வோல்ட்மீட்டர் கிடைக்கிறது. டிரான்ஸ்பார்மருக்கு அருகிலுள்ள ஒரு வீட்டிலும் தெருக்கோடியிலுள்ள ஒரு வீட்டிலும் ஒரே நேரத்தில் பாருங்கள். இரண்டு இடத்திலும் குறைவு என்றால் டிரான்ஸ்பார்மரோ அதற்கு மேலுள்ள லைனோ காரணம். அங்கே 235, இங்கே 190 என்றால் கம்பிதான் காரணம். கம்பியைத் தடிப்பாக்க வேண்டும், அல்லது 11,000 வோல்ட் லைனையே உள்ளே கொண்டுவந்து, ஒரு பெரிய டிரான்ஸ்பார்மருக்குப் பதில் சில சிறிய டிரான்ஸ்பார்மர்களை வீடுகளுக்கு அருகே வைக்க வேண்டும். உயரழுத்தப் பகிர்மான முறை என்பது இதுவே. 433 வோல்ட்டில் ஓடும் அதே மின்திறன் 11,000 வோல்ட்டில் ஓடும்போது மின்னோட்டம் இருபத்தைந்தில் ஒரு பங்காகிவிடுகிறது.

அதைவிடவும் எளிய மருந்து ஒன்று இருக்கிறது. அதற்குப் பெரிய செலவில்லை. தெருவின் சுமை ஒரே பேஸில் குவிந்திருக்கிறதா என்று பார்ப்பது. அதே 400 மீட்டர் கம்பியில் 30 ஆம்பியர் ஒரே பேஸில் போய் நியூட்ரலில் திரும்பினால், போகும் வழியில் 6.6, திரும்பும் வழியில் 6.6, ஆக 13 வோல்ட் விழும். அதே சுமையை மூன்று பேஸுகளுக்கும் பத்துப் பத்தாகப் பிரித்தால் நியூட்ரலில் ஓட்டமே இராது; விழுவது 2 வோல்ட் சொச்சம். ஆறில் ஒரு பங்கு! கம்பியில் வீணாகும் மின்சாரமும் ஆறில் ஒரு பங்கு. நடைமுறையில் இவ்வளவு கச்சிதமாகப் பிரிக்க முடியாது. வீட்டுக்கு வீடு, நேரத்துக்கு நேரம் சுமை மாறும். பாதி ஒழுங்குக்கு வந்தாலே பெரும் பயன். இதற்குத் தேவை புதுக் கம்பியும் புது டிரான்ஸ்பார்மரும் அல்ல. லைன்மேனின் ஒரு நாள் வேலை, மாலைச் சுமையில் எடுத்த ஓர் அளவு, கம்பத்தில் சில இணைப்புகளை மாற்றுவது. எந்த வீடு எந்த பேஸில் இருக்கிறது என்று தெருவே ஒரு பட்டியல் கொடுத்தால் அந்த வேலை இன்னும் எளிதாகும்.

மூன்றாவது வாதம் கனமானது. "இந்தப் பள்ளத்தாக்கு தோலால் சோறு உண்கிறது. சின்னப் பட்டறைக்காரன்மேல் மேலும் ஒரு செலவை ஏற்றலாமா?" இந்தக் கேள்வியை இந்த மண் ஏற்கெனவே ஒருமுறை கேட்டு, விடையும் கண்டிருக்கிறது. தோல் கழிவுநீரால் பாலாறு கெட்டபோது வேலூர் குடிமக்கள் நலப் பேரவை உச்சநீதிமன்றம் சென்றது. 1996 ஆகஸ்டு 28இல் தீர்ப்பு வந்தது. தோல் மண்டலத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுதுமோ பயிருக்கு உதவாமல் போனது என்ற ஆய்வை அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. மாசு செய்தவரே அதற்கான விலையைத் தர வேண்டும் என்ற நெறி இந்த நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அறிவித்தது. இந்தியாவின் சட்டக் கல்லூரிகள் எல்லாம் இன்று படிக்கும் தீர்ப்பு நம் ஊர்ப் பெயரில் இருக்கிறது. தனித்தனியாகக் கழிவுநீரைச் சுத்திகரிக்க இயலாத சிறு தொழிற்கூடங்கள் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு ஆகிய ஊர்களில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சேர்ந்தன. பாலாறு முழுதும் மீண்டுவிட்டது என்று சொல்ல மாட்டேன். அதன் காயம் இன்னும் ஆறவில்லை. ஆனால் நெறி நிலைத்தது. பொதுச் சொத்தைக் கலக்குகிறவர் அதைத் தெளிவிக்கும் செலவில் பங்கேற்க வேண்டும். தனியாக முடியாதவர்கள் சேர்ந்து ஏற்க வேண்டும். ஆற்றுக்கு ஏற்றுக்கொண்ட அந்த நெறியை மின்கம்பிக்கு மட்டும் ஏன் மறுக்க வேண்டும்?

செலவும் ஆற்றைத் தெளிவிப்பது போன்ற மலை அன்று. நேரடியாகக் கிளப்பும் மோட்டாருக்கு ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் வைத்தால் தொடக்க ஓட்டம் மூன்றில் ஒரு பங்காகும். நம் கணக்கின் 84 ஆம்பியர் 28 ஆகும், 24 வோல்ட் 8 ஆகும். நிறைந்த டிரம் அந்தக் குறைந்த விசையில் அசைய மறுக்கலாம் என்பது உண்மை. அங்கே சாஃப்ட் ஸ்டார்ட்டரோ, மோட்டாரின் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி.யோ வேண்டும், விலை கூடுதல், ஆனால் வி.எஃப்.டி. மோட்டாரை மெல்லக் கிளப்பி, பெல்ட்டையும் பல்சக்கரத்தையும் காத்து, டிரம்மின் வேகத்தையும் கட்டுக்குள் வைக்கிறது. பணமே செலவழிக்காமல் செய்யக்கூடியதும் உண்டு: இரண்டு மோட்டார்களை ஒரே நேரத்தில் கிளப்பாமல் சற்று இடைவெளி விடுவது, மாலை நெரிசல் நேரத்தில் அடிக்கடி நிறுத்திக் கிளப்பாமல் இருப்பது, பழைய வெல்டிங் டிரான்ஸ்பார்மருக்குப் பதில் அடுத்தமுறை இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் வாங்குவது. பட்டறைத் தோழர்களே, வோல்டேஜ் விழும்போது முதலில் சூடாவது உங்கள் மோட்டார்தான். உங்களிடம் வேலை செய்கிறவர் மாலையில் திரும்புவதும் இதே தெருக்களுக்குத்தான். இதில் தொழிலுக்கும் குடியிருப்புக்கும் பகை இல்லை.

நான்காவது வாதம் நம்பிக்கையின்மை. "எத்தனை மனு கொடுத்தாலும் ஈ.பி. ஆபீஸில் அசைய மாட்டார்கள், வாரியத்துக்கே கடன்." கடன் இருப்பது உண்மை. ஆனால் சுமையை ஒழுங்காகப் பிரித்தால் கம்பியில் வீணாகும் மின்சாரம் குறையும் என்று பார்த்தோமே, அது வாரியத்தின் பணமல்லவா? நாம் கேட்பது சலுகையும் அல்ல. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 57ஆம் பிரிவில், சேவைத் தரத்தை ஆணையம் வகுக்க வேண்டும், அந்தத் தரம் தவறினால் நுகர்வோருக்கு இழப்பீடு தர வேண்டும் என்கிறது. 42ஆம் பிரிவின்படி குறைதீர் மன்றம் உண்டு. மின் பகிர்மான வட்டம்தோறும் அது இயங்குகிறது. அங்கும் நீதி கிடைக்காவிட்டால் மேலே மின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். சட்டம் இருந்தும் மனு ஏன் நகர்வதில்லை? ஒரு வீட்டிலிருந்து, வாய்மொழியாக, அளவு எதுவும் இல்லாமல் போகும் குறையை ஒரு லைன்மேன் வந்து பார்த்து, அப்போது வோல்டேஜ் சரியாக இருந்தால் முடித்துவிட்டுப் போய்விடலாம். இருபது வீடுகள் கையெழுத்திட்டு, டிரான்ஸ்பார்மரின் பெயரைக் குறிப்பிட்டு, பதினைந்து நாள் மாலை அளவுகளை நேரத்தோடு எழுதி, உதவிப் பொறியாளரிடம் கொடுத்து ஒப்புகை வாங்கிய மனுவை அப்படி முடிக்க முடியாது. அதுவே குறைதீர் மன்றத்தில் ஆதாரமாக நிற்கும்.

பெரியோர்களே, சொல்ல வந்ததைத் தொகுத்துச் சொல்கிறேன். ஸ்டெபிலைசர் ஒரு வீட்டைக் காக்கிறது, அடுத்த வீட்டை வாட்டுகிறது. அளக்காமல் கேட்கும் டிரான்ஸ்பார்மர் பலநேரம் நோய்க்குப் பொருந்தாத மருந்தாகிறது. சுமையைப் பிரிப்பதும், மோட்டாரை மெல்லக் கிளப்புவதும், நியூட்ரலை இறுக்குவதும், கம்பியைக் குறுக்குவதும் தீர்வுகள்; அவற்றில் ஒன்றைக்கூட ஒரு வீடு தனித்துச் செய்ய முடியாது. ஆகவே என் வேண்டுகோள் இது. உங்கள் தெரு எந்த டிரான்ஸ்பார்மரின் கீழ் வருகிறது என்று இந்த வாரமே கண்டறியுங்கள். அதன்கீழ் உள்ள வீட்டுக்காரர்களும் பட்டறைக்காரர்களும் ஒரு மாலை ஒன்றாக உட்காருங்கள். வோல்ட்மீட்டர்கள் இரண்டு வாங்குங்கள். ஒன்றை டிரான்ஸ்பார்மருக்கு அருகிலும் மற்றொன்றைத் தெருக்கோடி வீட்டிலும் வையுங்கள். பள்ளி மேல்வகுப்பு மாணவர்களிடமும் பாலிடெக்னிக் மாணவர்களிடமும் ஏடு கொடுத்து அளவு எழுதச் சொல்லுங்கள். இயற்பியல் பாடம் தெருவில் உயிர்பெறும். பதினைந்து நாள் கழித்து, மனுவில் முதல் கையெழுத்தைக் கம்பி முடியும் இடத்தில் இருக்கும் வீட்டுக்காரரிடம் வாங்குங்கள். இரண்டாவது கையெழுத்தைப் பட்டறை முதலாளி போடட்டும். 216க்குக் கீழே இறங்காத மின்சாரம் நம் உரிமை. அதைச் சேர்ந்து கேட்போம், கிடைக்கும்வரை கேட்போம்.